மாற்றுப் பாதையில் செல்லவும்

காஞ்சிபுரத்தின் தென்விளிம்பில் இருக்கிறது செவிலிமேடு. அதற்கு அந்தப் பக்கம் பாலாறு. வந்தவாசிச் சாலை ஆற்றைக் கடந்து ஊருக்குள் நுழைவது இந்த வழியாகத்தான். 2011 வரை தனிப் பேரூராட்சியாக இருந்து, பிறகு காஞ்சிபுரம் நகராட்சியோடு இணைந்தது. 2021-இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தபோது செவிலிமேடும் மாநகரத்தின் பகுதியானது. ஊரின் நடுவிலுள்ள பேருந்து நிலையம் இங்கிருந்து நான்கு கிலோமீட்டருக்குள்தான்.

தினமும் ஊருக்குள் போய்வருவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. செவிலிமேட்டை ஒட்டிய சாலைக்கிணற்றிலிருந்து நாள்தோறும் தீர்த்தம் எடுத்துக்கொண்டு சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு ராமானுஜர் நடந்தார் என்பது வைணவ மரபு. இன்றைக்கு அதே திசையில் போகிறவர்கள் வேறு மாதிரி. ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள், ரயில்வே ரோட்டு அரசு மருத்துவமனைக்குப் போகிற பெரியவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நெய்து முடித்த புடவையைப் பையில் போட்டுக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும் தறிக்காரர்கள்.

இவர்கள் எல்லோரும் போய்ச் சேரும் நகர மையம் வண்டிகளுக்காகப் போடப்பட்டதல்ல. ராஜவீதிகள் தேரும் சுவாமி புறப்பாடும் சுற்றி வருவதற்காக அமைந்தவை. ஒரு தேர் நாளெல்லாம் நகரலாம், அவசரமில்லை. அந்தத் தெருக்களின் ஓரத்தில்தான் இப்போது பட்டுக் கடைகள், உணவகங்கள், பேருந்து நிலையம் எல்லாம். தெற்கிலிருந்து வருகிறவர் வடக்கே போகவேண்டும் என்றாலும் பெரும்பாலும் இந்த நடுப்பகுதியைத் தொட்டாக வேண்டும்.

இப்படியொரு ஊரில் ஒருநாள் காலை ஜேசிபி வந்து நிற்கிறது. மண்மேடு, சிவப்பு வெள்ளை பேரிகேடு, ஒரு பலகை: 'சாலைப் பணி நடைபெறுகிறது. மாற்றுப் பாதையில் செல்லவும்.' அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஓர் அறிவியலே இருக்கிறது. கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் மண்ணியல், மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது பற்றி நிறைய.

ஏன் இவ்வளவு ஆழம்?

முதலில் பள்ளத்துக்குள் எட்டிப் பார்ப்போம். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டினால் ஒரு மீட்டர் ஆழம் போதும். குழாய்க்குள் தண்ணீர் அழுத்தத்தில் ஓடுவதால் மேடு பள்ளம் எப்படி இருந்தாலும் ஏறி இறங்கும். பாதாள சாக்கடை அப்படியல்ல. கழிவுநீர் தன் எடையால் தானே வழிந்து ஓட வேண்டும். விநாடிக்கு சுமார் 0.6 மீட்டர் வேகமாவது இல்லையென்றால் கசடு படிந்து அடைத்துக்கொள்ளும். அந்த வேகத்துக்குச் சரிவு தேவை. 150 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வைத்தால், தெருமுனையில் ஒரு மீட்டர் ஆழத்தில் தொடங்கும் குழாய் 450 மீட்டர் தள்ளி நான்கு மீட்டர் ஆழத்தில் கிடக்கும். பாலாற்றங்கரை நிலம் அநேகமாகச் சமதரை. தரை சரியாத இடத்தில் குழாய்தான் சரிய வேண்டும். ஓரளவுக்கு மேல் ஆழமாகப் போனால் பம்பு நிலையம் கட்டி மேலே ஏற்றி, மறுபடி சரிவைத் தொடங்க வேண்டும்.

நான்கு மீட்டர் பள்ளத்தின் சுவர் தானாக நிற்காது, அதிலும் மணல் கலந்த மண். இரண்டு பக்கமும் பலகையும் முட்டும் கொடுக்க வேண்டும். வெட்டிய மண்ணைக் கொட்ட இடம் வேண்டும், எந்திரம் நிற்க இடம் வேண்டும். சுமார் 30 மீட்டருக்கு ஒரு மேன்ஹோல் கட்ட வேண்டும். குழாயின் அகலம் ஒரு முழத்துக்குள் இருந்தாலும் தெருவில் பாதி போய்விடுவதற்கு இதுதான் காரணம். நகரோடு பின்னால் சேர்ந்த புறப்பகுதிகளில் குடிநீர், கழிவுநீர், மழைநீர் எல்லாவற்றுக்கும் குழாய் புதிதாகப் போடவேண்டியிருப்பதால், ஒரே தெரு மூன்று முறை தோண்டப்படுவதும் நடக்கிறது.

அரைத் தெருவின் கணக்கு

பாதி அடைத்தால் பாதி வண்டி போகும் என்றுதான் தோன்றும். கணக்கு அப்படி வருவதில்லை.

இருவழித் தெருவில் ஒரு பாதி பள்ளமாகிவிட்டது. மிச்சப் பாதியில் இரு திசை வண்டிகளும் மாறி மாறிப் போக வேண்டும். பள்ளத்தின் இரு முனையிலும் ஆளுக்கொரு கொடியோடு இருவர் நிற்கிறார்கள். இந்தப் பக்கம் பச்சை காட்டினால் அந்தப் பக்கம் சிவப்பு. அடைபட்ட பகுதி 200 மீட்டர் நீளம் என்று கொள்வோம். வண்டிகள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால், கடைசியாக நுழைந்த வண்டி வெளியே வர 48 விநாடி. அந்த 48 விநாடியும் யாரும் உள்ளே நுழைய முடியாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் 60 விநாடி திறந்துவிட்டால் ஒரு முழுச் சுற்றுக்கு 60, 48, 60, 48 என 216 விநாடி ஆகிறது. அதில் ஒரு திசைக்குக் கிடைப்பது 60 விநாடி. அதாவது 28 சதவீதம். தெரு பாதியானது, அதில் ஓடும் வண்டி கால் பங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான்.

இப்போது பள்ளத்தை 100 மீட்டர் மட்டும் தோண்டி, மூடிவிட்டு அடுத்த 100 மீட்டருக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். காலியாகும் நேரம் 24 விநாடியாகக் குறைகிறது. சுற்று 168 விநாடி. ஒரு திசையின் பங்கு 36 சதவீதம். தெருவின் அகலம் அங்குலம்கூடக் கூடவில்லை. பள்ளத்தின் நீளம் குறைந்ததாலேயே கால் பங்குக்கும் மேல் கூடுதல் வண்டிகள் போகின்றன.

கொடிக்காரர் சாமர்த்தியமாக இன்னொன்றும் செய்யலாம். 200 மீட்டர் பள்ளத்தையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தையும் 120 விநாடி திறந்துவிடலாம். அப்போதும் பங்கு அதே 36 சதவீதம். ஆனால் சிவப்புக் கொடியின் முன்னால் நிற்கும் நேரம், 100 மீட்டர் பள்ளத்தில் இருந்த 108 விநாடியோடு ஒப்பிட்டால், 216 விநாடியாக, சரியாக இரு மடங்காகிறது. மூன்றரை நிமிடம் சும்மா நிற்கச் சொன்னால் நம் ஊர் டூவீலர்க்காரர் நிற்பாரா? மண்மேட்டின் ஓரத்தில் ஒரு முழ இடைவெளி தெரிந்தால் உள்ளே விட்டுவிடுவார். எதிர்த்திசையில் இன்னொருவரும் அதையே செய்வார். நடுவில் இருவரும் முட்டிக்கொண்டு நிற்கும்போது சதவீதம் பூஜ்யம்.

இங்கே எந்த வண்டி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதும் முக்கியம். இந்திய சாலைக் காங்கிரஸ் 1990-இல் நகர்ச்சாலைகளுக்கு வகுத்த வழிகாட்டியில் ஒரு காரை ஓர் அலகாக வைத்துக்கொண்டார்கள். டூவீலர் அரையிலிருந்து முக்கால் அலகு, ஆட்டோ 1.2 முதல் 2, பேருந்தும் லாரியும் 2.2 முதல் 3.7. ஆக, பள்ளத்தருகே ஒரு பேருந்து போகும் இடத்தில் நான்கைந்து டூவீலர்கள் போகலாம். ஆட்களை எண்ணினால் கதை தலைகீழ். நான்கைந்து டூவீலரில் பத்துப் பேர் போவதே அதிகம். காலை நேரப் பேருந்தில் ஐம்பது அறுபது பேர். குறுகிய இடத்தைப் பங்கிடும்போது பேருந்துக்கு முதலில் கொடி காட்டுவது சலுகையாகாது, அதுதான் சரியான கணக்கு.

பத்தில் ஒருவர்

நெரிசல் எவ்வளவு நேரம் நீடிக்கும்? இதற்கும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஓர் இடத்தில், ஒரு திசையில், மணிக்கு 1,200 வண்டிகள் போகலாம் என்று கொள்வோம். காலை 8 முதல் 9 வரை வருவது 1,000. மற்ற நேரத்தில் 600. வழக்கமாக எந்தச் சிக்கலும் இல்லை. சாலைப் பணியால் 1,200 என்பது 800-ஆகக் குறைகிறது.

9 மணிக்கு 200 வண்டிகள் தேங்கி நிற்கின்றன. அதற்குப் பின் வரத்து 600-ஆகக் குறைந்தாலும், மணிக்கு 200 என்ற வீதத்தில்தான் தேக்கம் கரையும். அது முழுதும் கரைய 10 மணி ஆகிவிடும். அதாவது 9.40-க்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர், "இப்போ என்ன அவசர நேரமா, ஏன் இவ்வளவு கூட்டம்?" என்று அலுத்துக்கொள்கிறாரே, அவர் பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு முன்பு வந்தவர்களின் மிச்சத்தை. எல்லா வண்டிகளும் சேர்ந்து இழந்த நேரத்தைக் கூட்டினால் 200 மணி.

இப்போது அந்த 1,000 பேரில் 100 பேர் மட்டும், பத்தில் ஒருவர், 8 மணிக்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். 7 முதல் 8 வரை வரத்து 700 ஆகிறது. 800 போகக்கூடிய இடத்தில் அது தேங்காது. 9 மணிக்குத் தேக்கம் 100-தான். அது 9.30-க்கே கரைந்துவிடும். மொத்த இழப்பு 75 மணி. பத்தில் ஒருவர் நேரத்தை மாற்றிக்கொண்டதற்கு, இழப்பில் அறுபது சதவீதத்துக்கும் மேல் மறைந்துவிட்டது. முன்னால் கிளம்பிய நூறு பேருக்கு மட்டுமல்ல, வழக்கம்போலவே கிளம்பிய தொள்ளாயிரம் பேருக்கும் லாபம்.

பள்ளிக்கூடத் திறப்பு நேரத்தை அரை மணி தள்ளிவைப்பது, சரக்கு லாரிகளைக் காலையில் ஊருக்குள் விடாமல் இருப்பது போன்ற சாதாரண ஏற்பாடுகள் பெரிய பலன் தருவது இதனால்தான். எதிர்ப்பக்கமும் உண்மை. பள்ளத்தைச் சுற்றி இன்னும் ஓர் அடி கூடுதலாக அடைத்து, கடந்துபோகும் எண்ணிக்கை 800-இலிருந்து 700-க்கு இறங்கினால், தேக்கமும் அதே அளவு மூர்க்கமாக வளரும்.

தேக்கம் வளரும்போது அதன் வால் பின்னோக்கி நகர்கிறது. 1955-இல் ஜேம்ஸ் லைட்ஹில், ஜெரால்டு விதம் என்ற இரு கணித அறிஞர்கள் இதை அலையாகவே எழுதிக் காட்டினார்கள். வண்டிகள் முன்னே போகின்றன, நெரிசல் என்கிற அலை பின்னே போகிறது. காந்தி ரோட்டில் தொடங்கிய வரிசையின் வால் மூங்கில் மண்டபம் சந்திப்புக்கு வந்துவிட்டால், அந்தப் பள்ளத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் குறுக்கே போகிறவர்களும் நிற்பார்கள். அவர்களின் வரிசை அடுத்த சந்திப்பை அடைக்கும். நகர மையங்களில் சந்திப்புகள் நெருக்கமாக இருப்பதால் இந்தத் தொற்று வேகமாகப் பரவுகிறது. புறவழிச்சாலையில் தோண்டும் அதே பள்ளம் இந்த அளவு தொல்லை தருவதில்லை.

குறுக்குத் தெருவின் தந்திரம்

குழாயை அடைத்தால் தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சும். வண்டிகளும் அப்படித்தான் என்று பல திட்டங்கள் கருதிக்கொள்கின்றன. தண்ணீர் யோசிப்பதில்லை, நேற்றைய அனுபவத்தை வைத்து இன்றைய வழியை மாற்றிக்கொள்வதுமில்லை. மனிதர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் குழப்பம். அடுத்து, ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் ஒரு குறுக்குத் தெருவைக் கண்டுபிடிக்கிறார். அவர் பின்னால் பத்து டூவீலர். ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிடுகிறது. குறுக்குத் தெருவும் நெரிகிறது. கடைசியில், நேர்வழியில் போனாலும் குறுக்குவழியில் போனாலும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆகும் நிலை வந்ததும் மக்கள் மாறுவதை நிறுத்துகிறார்கள். 1952-இல் ஜான் வார்ட்ராப் என்ற ஆங்கிலேயர் இதைக் கோட்பாடாக எழுதினார். பயன்பாட்டில் இருக்கும் எல்லா வழிகளும் ஒரே நேரம் எடுக்கும்போது, வழியை மாற்றி யாரும் லாபம் பார்க்க முடியாது. அதுதான் சமநிலை.

சமநிலை என்றால் நல்ல நிலை என்று பொருளல்ல. 1968-இல் ஜெர்மானியக் கணித அறிஞர் டீட்ரிக் பிரேஸ் இதை அதிர்ச்சி தரும் வகையில் நிறுவினார். ஊரின் தெற்கிலிருந்து வடக்கே 1,000 பேர் போக வேண்டும். இரண்டு வழிகள். முதல் வழியில் ஆரம்பத்தில் குறுகலான தெரு, பிறகு அகலமான சுற்றுச்சாலை. இரண்டாவதில் ஆரம்பத்தில் சுற்றுச்சாலை, முடிவில் குறுகலான தெரு. சுற்றுச்சாலையில் எத்தனை பேர் போனாலும் 12 நிமிடம். குறுகலான தெருவில் நூறு பேருக்கு ஒரு நிமிடம். ஐந்நூறு ஐந்நூறாகப் பிரிந்து போவார்கள். எல்லோருக்கும் 5, 12 என மொத்தம் 17 நிமிடம்.

இப்போது நடுவில் ஒரு சந்து திறக்கிறது. ஒரு குறுகலான தெருவிலிருந்து இன்னொரு குறுகலான தெருவுக்கு நொடியில் போய்விடலாம். குறுகலான தெருவில் ஆயிரம் பேரும் போனாலும் 10 நிமிடம்தான், சுற்றுச்சாலையோ 12. எனவே எல்லோரும் குறுகல், சந்து, குறுகல் என்று போகிறார்கள். எல்லோருக்கும் 20 நிமிடம். புதிய வழி திறந்ததால் ஒவ்வொருவருக்கும் 3 நிமிடம் நஷ்டம். தனி ஆளாகப் பழைய வழிக்குத் திரும்பலாம் என்றால் 22 நிமிடம் ஆகும். எனவே யாரும் திரும்புவதில்லை.

அந்தச் சந்தைத் தோண்டி அடைத்தால்? எல்லோருக்கும் 17 நிமிடம். சாலைப் பணி பயணத்தை வேகப்படுத்திவிட்டது! இது வெறும் காகிதக் கணக்கல்ல. 1990 ஏப்ரல் 22, புவி நாளன்று நியூயார்க்கில் எப்போதும் நெரியும் 42-ஆம் தெருவை மூடினார்கள். பெரும் குழப்பத்தை எதிர்பார்த்தார்கள். போக்குவரத்து எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஓடியது. தென்கொரியத் தலைநகர் சோலில் 2003-இல் சோங்க்யேசோன் ஓடைக்கு மேலிருந்த உயர்மட்டச் சாலையை இடித்து, 2005-இல் ஓடையையே மீட்டார்கள். நகரம் ஸ்தம்பிக்கவில்லை. எல்லா ஊரிலும் எல்லாத் தெருவிலும் இது நடக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு தெருவின் பயன் அதன் அகலத்தில் மட்டும் இல்லை, வலையில் அது எந்தக் கண்ணியாக இருக்கிறது என்பதிலும் இருக்கிறது என்பதே இதன் பாடம்.

செவிலிமேட்டில் அந்தக் கண்ணி எது என்பது வெளிப்படை. தெற்கே பாலாற்றின் மேல் செவிலிமேட்டுப் பாலம், கிழக்கே கொஞ்சம் தள்ளி ஓரிக்கைப் பாலம். ஊருக்குள் ஒரு தெருவை மூடினால் பத்து சந்துகள் உண்டு. பாலத்தில் ஒரு பக்கத்தை மூடினால் ஆற்றில் சந்து கிடையாது. அடுத்த பாலத்துக்குத்தான் போக வேண்டும்.

வண்டிகள் எங்கே போயின?

சாலையின் கொள்ளளவைக் குறைத்தால் வண்டிகள் அத்தனையும் பக்கத்துத் தெருக்களில் குவியும் என்றுதான் காலங்காலமாக நம்பினார்கள். சாலி கெய்ர்ன்ஸ், ஸ்டீபன் அட்கின்ஸ், ஃபில் குட்வின் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 11 நாடுகளில் 70 இடங்களில் நடந்ததைத் தொகுத்து 2002-இல் வெளியிட்டார்கள். பழுது பார்த்தல், பாலம் இடிதல், நிலநடுக்கம், வண்டிகளுக்குத் தடை என்று காரணங்கள் பலவிதம். சுற்றுத் தெருக்களையும் சேர்த்து எண்ணியபோது, பாதி இடங்களில் மொத்தப் போக்குவரத்து 11 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. குறைந்துபோன அந்த வண்டிகள் பக்கத்துத் தெருவிலும் தட்டுப்படவில்லை.

மக்கள் நேரத்தை மாற்றினார்கள், இரண்டு வேலையை ஒரே பயணத்தில் முடித்தார்கள், பேருந்தில் ஏறினார்கள், நடந்தார்கள், கடையை மாற்றினார்கள். இதில் ஒவ்வொன்றும் சிறியது. பத்தில் ஒருவர் கணக்கை நினைத்துப் பாருங்கள். 11 சதவீதம் என்பது நெரிசலைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும்.

காஞ்சிபுரமே இதைப் பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 40 ஆண்டுக்கு ஒரு முறை குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதரைத் தரிசிக்க, 2019 ஜூலை 1-இலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஊருக்கு வந்தார்கள். வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தி, தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைத்து, அங்கிருந்து சிற்றுந்துகள் விட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் கடைக்குப் போகும் நேரத்திலிருந்து கல்யாணத் தேதி வரைக்கும் மாற்றிக்கொண்டார்கள். சிரமம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் சில லட்சம் பேர் வாழும் ஊர் அந்த ஒன்றரை மாதத்தைத் தாங்கியது. எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பல நிலையங்கள் மூடியதால் பயணிகள் வேறு வழி தேடினார்கள். பயண அட்டைத் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், வேலைநிறுத்தம் முடிந்த பின்னும் சுமார் 5 சதவீதம் பேர் புதிய வழியிலேயே தொடர்ந்ததைக் கண்டார்கள். அத்தனை வருடம் அவர்கள் போய்வந்தது சிறந்த வழியில் அல்ல. வேறு வழியைச் சோதித்துப் பார்க்கக் காரணம் எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஆறுதலை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பயணம் மறைகிறது என்றால் அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். தறி வீட்டிலேயே இருப்பவர் சங்கத்துக்குப் போவதை நாளைக்குத் தள்ளலாம். ஷிப்டுக்குப் போகிறவர் தள்ள முடியாது. "ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருக்காங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிட்ட பாட்டியும் அந்த 11 சதவீதத்தில் ஒருவராக எண்ணப்படுவார். எண்ணிக்கை குறைந்தது நல்லதா என்பதை எண்ணிக்கையே சொல்லாது.

நிச்சயமில்லாத இருபது நிமிடம்

நெசவுத் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். மூன்று புடவைக்கான பாவு என்றால் 18 மீட்டருக்குக் குறையாமல் தெருவில் நீண்டு கிடக்கும். இருபுறமும் ஆட்கள் நின்று இழைகளைச் சரிபார்ப்பார்கள். அந்த நேரம் தெரு அடைபட்டதுதான். ஆனாலும் அந்தத் தெருக்காரர் யாரும் அதை நெரிசல் என்று சொல்வதில்லை. எப்போது தொடங்கும், வெயில் ஏறுவதற்குள் எப்போது சுருட்டுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பால்காரர் முதல் பள்ளிக்கூட வேன் வரை அதற்கேற்ப வைத்துக்கொள்கிறார்கள்.

சாலைப் பணியில் இல்லாதது இந்தத் தெளிவு. அதன் விலையை இப்படிக் கணக்கிடலாம். ஒருவருக்குச் செவிலிமேட்டிலிருந்து கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு வழக்கமாக 15 நிமிடம். மோசமான நாளில் 18. பஸ் யாருக்காகவும் நிற்காது. எனவே அவர் 18 நிமிடம் முன்பு கிளம்புகிறார். சாலையைத் தோண்டிய பிறகு பத்தில் ஒன்பது நாள் 22 நிமிடம் ஆகிறது. ஒரு நாள், லாரி திரும்ப முடியாமல் நின்றோ குழாய் குறுக்கே இறங்கியோ, 40 நிமிடம் ஆகிறது. அந்த ஒரு நாள் எதுவென்று தெரியாது.

சராசரியைப் பார்த்தால் பயணம் 9 நிமிடம்போலக் கூடியிருக்கிறது. அதிகாரிகளின் அறிக்கையில் அந்த 9 நிமிடம்தான் வரும். ஆனால் அவர் தினமும் 40 நிமிடம் முன்பு கிளம்ப வேண்டும். பத்தில் ஒன்பது நாள் பஸ் நிற்கும் இடத்தில் 18 நிமிடம் சும்மா நிற்க வேண்டும். தாமதம் அவருடைய பயணத்தில் இல்லை. அது அவருடைய தூக்கத்திலும், பிள்ளைக்குச் சாப்பாடு கட்டும் நேரத்திலும் இருக்கிறது. எந்தக் கேமராவும் அதை அளக்காது.

மூடிய பிறகும் முடியாத கதை

குழாய் போட்டாயிற்று, மண்ணைத் தள்ளி மூடியாயிற்று. ஆனாலும் வேகம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வெட்டியெடுத்த மண் உப்பிவிடுகிறது, துகள்களுக்கிடையே காற்று புகுந்துவிடுகிறது. அப்படியே தள்ளி மூடினால் முதல் மழையில் தண்ணீர் இறங்கி, துகள்கள் நெருங்கி, மேலே பள்ளம் விழுகிறது. அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் 1933-இலேயே இதற்கு வழி சொன்னார். ஒவ்வொரு மண்ணுக்கும் குறிப்பிட்ட ஈரப்பதம் ஒன்று உண்டு. அதைவிடக் காய்ந்திருந்தாலும் நனைந்திருந்தாலும் நன்றாக இறுகாது. அந்த ஈரத்தில், ஒவ்வொரு முறையும் ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக நிரப்பி இடிக்க வேண்டும். நான்கு மீட்டர் பள்ளத்துக்கு இருபது அடுக்குபோல வரும். ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுத் தார் பூசுவது இருபது அடுக்கையும் லாரிச் சக்கரங்களிடம் ஒப்படைப்பது. அவை மாதக்கணக்கில் அந்த வேலையைச் செய்யும், குதித்துக் குதித்து.

நிலத்தடி வேலையின் ஆபத்து எந்த அளவுக்குப் போகும் என்பதைச் சென்னை பார்த்தது. 2017 ஏப்ரல் 9 அன்று, மெட்ரோ சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்த அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலம் அருகே சாலை திடீரென உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின. பயணிகள் உயிர் தப்பினார்கள். அந்தப் பணிக்காக ஆண்டுக்கணக்கில் ஒருவழியாக்கிய அண்ணா சாலைப் பகுதிகள், 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் மெல்ல மெல்லப் பழையபடி திரும்பின.

பலகையில் என்ன எழுதலாம்?

தோண்டாமல் ஒரு நகரம் வளர முடியாது. கழிவுநீர் மஞ்சள்நீர்க் கால்வாயில் கலக்காமல் இருக்க வேண்டுமானால் குழாய் போட்டுத்தான் ஆகவேண்டும். இந்த அத்தியாயத்தின் கணக்குகள் சொல்வது எப்படித் தோண்டுவது என்பதைத்தான். நீளமாகத் திறந்து போடாமல் துண்டு துண்டாக முடித்துப் போவது. மூன்று துறைகளும் ஒரே பள்ளத்தில் வேலையை முடிப்பது. அடுக்கடுக்காக இடித்து மூடுவது. சந்திப்பின் அருகே வேலை நடக்கும் நாட்களில் பேருந்துக்கு முதலிடம் கொடுப்பது. இவை எல்லாவற்றுக்கும் காசு வேண்டும், ஒருங்கிணைப்பு வேண்டும். இரண்டுமே எளிதில் கிடைப்பதில்லை.

காசே தேவைப்படாத ஒன்று இருக்கிறது. குறுக்கே குழாய் இறக்கும் நாள் எது, எந்தத் தேதிக்குள் இந்த நூறு மீட்டர் முடியும் என்பதைப் பலகையில் எழுதுவது. மோசமான நாள் எதுவென்று தெரிந்துவிட்டால், பஸ் பிடிக்கிறவர் அன்றைக்கு மட்டும் 40 நிமிடம் முன்பு கிளம்பினால் போதும். மற்ற நாட்களில் 18 நிமிடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். அவரைப்போல ஆயிரம் பேர் என்றால் ஒரு நாளைக்கு 300 மணி நேரம். செலவு கொஞ்சம் பெயிண்டும் ஒரு தூரிகையும்தான்.

ஒரே நிபந்தனை, எழுதிய தேதியில் வேலை முடிய வேண்டும். இரண்டு முறை தவறிய தேதியை மூன்றாம் முறை யாரும் நம்ப மாட்டார்கள். அதற்குப் பிறகு பலகை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். எல்லோரும் மறுபடி 40 நிமிடம் முன்பே கிளம்புவார்கள்.